பைலட்டு சக்சஸ், ஃப்ளைட்டு எங்கே?

டிஸ்கி: நீளமான பதிவு, கொஞ்சம் சூடாவும் இருக்கும். நான் டாக்டர் இல்லை, பொது சுகாதாரம் படிச்சவனும் இல்லை. இன்ஜினியரிங் முடிச்சுட்டு பொட்டி தட்டுறவன். மூணு வருஷமா தட்டுறது ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட பொட்டி. அதுல வந்த வயித்தெரிச்சல்தான் இது. விவரம் தெரிஞ்சவங்க தப்பு இருந்தா பின்னூட்டத்துல வந்து கும்மலாம்.

போன மாசம் ஒரு மீட்டிங். எங்க கம்பெனி பண்ணின பி.பி. ஆப்புக்கு பைலட் முடிஞ்சுது. 12 ஆரம்ப சுகாதார நிலையங்கள். பி.பி. நோயாளிங்க மாத்திரை வாங்க மாசாமாசம் ஒழுங்கா வர்றாங்களான்னு ஆப் பார்த்துக்கும், வரலைன்னா நர்ஸுக்கு ஞாபகப்படுத்தும், நர்ஸ் போன் பண்ணுவாங்க. அவ்ளோதான் விஷயம். திரையில ரெண்டே ரெண்டு பட்டை. இடது பக்கம் குட்டையா, "முன்பு". வலது பக்கம் நெட்டையா, "பின்பு". ரூமே கை தட்டிச்சு. ரெண்டாம் கட்டத்துக்கு 40 நிலையம்னு அங்கேயே முடிவாச்சு.

அந்த ரெண்டு பட்டையையும் வரைஞ்சது அடியேன்தான். பச்சை கலர் வேணும்னு மேனேஜர் கேட்டதால பச்சையும் அடிச்சேன்.

கை தட்டாம உக்காந்திருந்ததும் நான் ஒருத்தன்தான்னு நினைக்கிறேன். ஏன்னா எனக்கு ரெண்டு விஷயம் தெரியும். ஒண்ணு, அந்த 12 நிலையத்தையும் பொறுக்கினதே "இங்கதான் ரொம்ப மோசமா இருக்கு"ன்னு பார்த்துதான். மார்க் கம்மியா எடுத்த பசங்களை மட்டும் பொறுக்கி ட்யூஷன்ல சேர்த்தா, ட்யூஷன் மாஸ்டர் நாற்காலியிலயே தூங்கினாலும் அடுத்த பரீட்சையில பாதிப் பேருக்கு மார்க் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். போன தடவை காய்ச்சலோட எழுதினவன் இந்தத் தடவை நல்லா எழுதுவான், அவ்ளோதான். ரெண்டு, நாங்க ஆப்பை இறக்கின அதே மாசத்துலதான் அந்த நிலையங்கள்ல ரொம்ப நாளா இருந்த மாத்திரைத் தட்டுப்பாடு தீர்ந்துச்சு. மாத்திரை இருக்குன்னு தெரிஞ்சா ஜனம் வரும். அதுக்கு ஆப் எதுக்கு?

சொன்னேன். "பாஸ், கம்பேர் பண்ண வேற நிலையம் எதுவும் இல்லையே?" பதில்: "இது ரிசர்ச் இல்லப்பா, இம்ப்ளிமென்டேஷன்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தப் பதிவு முழுக்க.

இதே கம்பெனியில, இதே ஆளுங்க, "அப்பாயின்ட்மென்ட் புக் செய்க" பட்டன் நீலமா இருக்கணுமா ஆரஞ்சா இருக்கணுமான்னு முடிவு பண்ண ஏ/பி டெஸ்ட் வெக்கிறாங்க. பாதிப் பேருக்கு நீலம், பாதிப் பேருக்கு ஆரஞ்சு, யாருக்கு எதுன்னு குலுக்கல்ல கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். "தீபாவளி வாரத்துல டெஸ்ட் ஓட்டாதே, டிராஃபிக் மாறும்"னு பாடம் எடுப்பாங்க. பட்டன் கலருக்கு இவ்ளோ ஒழுக்கம். மனுஷன் பக்கவாதத்துல விழாம இருக்கிற விஷயத்துக்கு முன்-பின் ரெண்டு பட்டை போதுமாம். எந்த ஊரு நியாயம்யா இது?

"இம்ப்ளிமென்டேஷன்தானே, ரிசர்ச் எதுக்கு"ன்னு கேக்கிறவங்களுக்கு ஒரு கதை சொல்றேன். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்குங்க.

உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்குன்னு ஒரு செக்லிஸ்ட் கொண்டு வந்துச்சு. மயக்கம் கொடுக்கிறதுக்கு முன்னாடி, கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி, நோயாளி வெளிய போறதுக்கு முன்னாடின்னு மூணு இடத்துல நிறுத்தி, 19 விஷயம் கேக்கணும். சரியான ஆள்தானா, சரியான பக்கம்தானா, ஆன்டிபயாடிக் கொடுத்தாச்சா, பஞ்சு எண்ணியாச்சா... இப்படி. 2007-2008ல எட்டு நகரங்கள்ல எட்டு ஆஸ்பத்திரியில போட்டுப் பார்த்தாங்க. டெல்லி, லண்டன், டொரான்டோ, மணிலா எல்லாம் அதுல உண்டு. 2009ல ரிசல்ட் வந்துச்சு. இறப்பு 1.5%ல இருந்து 0.8%க்கு இறங்கிடுச்சு. சிக்கல்கள் 11%ல இருந்து 7%க்கு. கிட்டத்தட்ட பாதி சாவு குறையுது, ஒரு தாளால! உலகமே எடுத்துக்கிச்சு. டிசைன் என்ன தெரியுமா? நம்ம ரெண்டு பட்டைதான். முன், பின்.

அப்புறம் கனடாவுல ஒன்டாரியோ மாகாணம், 2010ல இருந்து எல்லா ஆஸ்பத்திரியும் செக்லிஸ்ட் போடுற கணக்கைப் பொதுவுல வெளியிடணும்னு உத்தரவு போட்டுச்சு. 101 ஆஸ்பத்திரி. செக்லிஸ்ட் வர்றதுக்கு முன்னாடி மூணு மாசம், வந்த பின்னாடி மூணு மாசம், ஒவ்வொண்ணுலயும் ஒரு லட்சத்துக்கு மேல அறுவை சிகிச்சைங்க. 2014ல முடிவு வெளியாச்சு. இறப்பு 0.71%ல இருந்து 0.65%. சிக்கல் 3.86%ல இருந்து 3.82%. புள்ளியியல்படி ரெண்டும் ஒண்ணுமில்லை. புஸ்ஸு.

நடுவுல நார்வேல ரெண்டு ஆஸ்பத்திரியில வேற மாதிரி பண்ணினாங்க. எல்லா பிரிவுலயும் ஒரே நாள்ல செக்லிஸ்ட்டை இறக்காம, ஒவ்வொரு பிரிவா இறக்கினாங்க. எந்தப் பிரிவு முதல்ல, எது கடைசின்னு குலுக்கல். இதுக்கு ஸ்டெப்டு வெட்ஜ்னு பேரு. நம்ம பாஷையில சொன்னா படிப்படியா ரிலீஸ் பண்றது, ஆனா வரிசையை மேனேஜர் முடிவு பண்ணாம சீட்டு முடிவு பண்ணுது. இன்னும் வராத பிரிவெல்லாம் அந்த நேரத்துக்கு ஒப்பிடுற குழுவா நிக்கும். ஆஸ்பத்திரி முழுக்க பொதுவா ஏதாவது மாறினா அதுவும் தெரிஞ்சுடும். 2015ல ரிசல்ட்: சிக்கல்கள் 19.9%ல இருந்து 11.5%.

ஒரே தாள். மூணு கதை. இதுல எது உண்மை?

மூணுமே உண்மையா இருக்கலாம், அங்கதான் விஷயமே இருக்கு. ஒன்டாரியோ ரிசல்ட் வந்தப்போ, அதே இதழ்ல லூசியன் லீப் (நோயாளி பாதுகாப்புன்னு ஒரு துறையே உருவாகக் காரணமா இருந்த பெருசு) எழுதினதோட சாரம், தாளு வேலை செய்யலைன்னு இல்ல, தாளை யாரும் நெஜமா பயன்படுத்தலைங்கிறதுதான். ஆஸ்பத்திரிங்க தாங்களே கொடுத்த கணக்குல பார்த்தா எல்லாரும் டிக் அடிச்சிருக்காங்க. டிக் அடிக்கிறதுக்கும் நின்னு பேசுறதுக்கும் வித்தியாசம் இருக்குல்ல? ஆனா அந்த ஆய்வோட டிசைன்ல "நெஜமாவே நின்னு பேசினாங்களா"ங்கிறதை அளக்க இடமே இல்லை. அதனால இன்னைக்கு வரைக்கும் ஒரு கோஷ்டி "செக்லிஸ்ட் வேஸ்ட்"னும், இன்னொரு கோஷ்டி "ஒன்டாரியோ வேஸ்ட்"னும் அடிச்சுக்கலாம், ரெண்டு பேரையும் யாரும் மறுக்க முடியாது. தப்பான டிசைன் போட்டா தப்பான பதில் வரும்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. அதை விடக் கொடுமை, பதிலே வராது. லட்சக்கணக்கான ஆபரேஷன் டேட்டாவை வச்சுக்கிட்டு பேந்தப் பேந்த முழிக்கணும்.

இங்கிலாந்து கதை இன்னும் சுவாரசியம். அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல, நூத்துச் சொச்சம் ஐ.சி.யூ.க்கள்ல, நெஞ்சுல போடுற சென்ட்ரல் லைன் வழியா வர்ற ரத்தத் தொற்றைக் குறைக்க ஒரு திட்டம். கை கழுவு, குளோர்ஹெக்ஸிடின் போடு, முழுசா போர்த்து, தொடையில போடாதே, தேவையில்லைன்னா உடனே எடு. அஞ்சே விஷயம். 2006ல பேப்பர் வந்துச்சு. 1000 லைன்-நாளுக்கு சராசரி 7.7ல இருந்து, ஒன்றரை வருஷத்துல 1.4. மறுபடியும் முன்-பின். இங்கிலாந்து அதைப் பார்த்து "மேட்சிங் மிச்சிகன்"னு 2009ல ஆரம்பிச்சுது. அவங்க புத்திசாலித்தனமா ஒண்ணு பண்ணினாங்க. எல்லாரையும் ஒரே நாள்ல சேர்க்காம கொத்து கொத்தா சேர்த்தாங்க.

தொற்று குறைஞ்சுது. நல்லாவே குறைஞ்சுது, பெரியவங்க ஐ.சி.யூ.வுல 3.7ல இருந்து 1.48. ஒரே கொத்தா இறக்கியிருந்தா கேக் வெட்டி, பச்சைப் பட்டை வரைஞ்சு, எல்லாருக்கும் சால்வை போத்தியிருப்பாங்க. ஆனா கொத்தா பிரிச்சதால ஒண்ணு தெரிஞ்சுது: திட்டத்துல இன்னும் சேராத ஐ.சி.யூ.க்கள்லயும் அதே மாதிரி குறைஞ்சுக்கிட்டு இருந்துச்சு! அங்க ஏற்கனவே வேற வேற தொற்றுத் தடுப்பு முயற்சிங்க ஓடிக்கிட்டு இருந்திருக்கு. ஆத்து வெள்ளம் போற திசையிலேயே நீந்திட்டு, நான் எவ்ளோ வேகம் பாருன்னு சொல்ற கதை.

இதைத்தான் எங்க மாத்திரைத் தட்டுப்பாட்டுக் கதையில நான் சொல்ல வந்தேன். சொல்ல விடலை.

சரி, டிசைன் நல்லா இருந்தா போதுமா? அதுக்கு நம்ம நாட்டுலயே ஒரு பாடம் இருக்கு. அதே செக்லிஸ்ட் குடும்பத்துல இன்னொரு பிள்ளை, பாதுகாப்பான பிரசவ செக்லிஸ்ட். முதல்ல கர்நாடகாவுல ஒரே ஒரு பிரசவ மையத்துல பைலட். 29 முக்கியமான வேலைகள்ல சராசரி 10 செஞ்சுக்கிட்டு இருந்தவங்க, செக்லிஸ்ட் வந்ததும் 25 செஞ்சாங்க. 2012ல பேப்பர். முன்-பின். பைலட் சக்சஸ். (தலைப்பு புரிஞ்சுதா?)

ஆனா இங்க ஆளுங்க நேரா நாடு முழுக்க இறக்காம, உத்தரப் பிரதேசத்துல ஒழுங்கா ஒரு சோதனை வச்சாங்க. பெட்டர்பர்த்னு பேரு. 24 மாவட்டம், 120 நிலையம், ஜோடி ஜோடியா பிரிச்சு, குலுக்கல் போட்டு, பாதிக்கு செக்லிஸ்ட்டும் கூடவே இருந்து சொல்லிக்கொடுக்கிற பயிற்சியாளரும். ஒன்றரை லட்சத்துக்கு மேல பிரசவம். 2017ல முடிவு. வேலைகளைச் செய்யறது கூடுச்சு: ரெண்டு மாசத்துல 73%, ஒப்பிட்ட நிலையங்கள்ல 42%. ஆனா சாவும் தாய்மாரோட பெரிய சிக்கலும் சேர்த்துப் பார்த்த கணக்குல 15.1%க்கு 15.3%. மாற்றம் இல்லை.

"பார்த்தியா, இவ்ளோ காசு செலவு பண்ணி ஒண்ணும் இல்லைன்னு கண்டுபிடிச்சாங்க"ன்னு ஒரு அண்ணாச்சி என்கிட்ட நக்கல் அடிச்சாரு. அண்ணே, அந்த "ஒண்ணும் இல்லை"க்கு விலை உண்டு. ஒன்டாரியோவுல வந்த ஒண்ணுமில்லைக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்க. இங்க சாவை மட்டும் எண்ணாம, ஆளுங்க பக்கத்துல நின்னு, நர்ஸ் கை கழுவினாங்களா, சரியான ஊசி போட்டாங்களான்னு பார்த்து எழுதினாங்க. அதனால சங்கிலி எந்தக் கண்ணி வரைக்கும் வந்துச்சு, எங்க அறுந்துச்சுன்னு சொல்ல முடியுது. பழக்கம் மாறிச்சு. ஆனா மாறின அளவு போதலையா, கைத்திறமை போதலையா, ரத்தமும் ஆக்சிஜனும் மேல அனுப்ப வண்டியும் இல்லாத இடத்துல பழக்கம் மட்டும் மாறினா போதாதா, அடுத்த கேள்வி இதுதான்னு தெரியுது. இன்னொண்ணு, 12 மாசத்துல திரும்பிப் பார்த்தாங்க. பயிற்சியாளர் வர்றது அதுக்கு நாலு மாசம் முன்னாடியே நின்னு போச்சு. 73 இருந்த இடத்துல 62. இந்தப் பக்கம் 42ல இருந்து 44. இடைவெளி சுருங்குது. எங்க ஆப்போட பைலட் மூணு மாசம். நாலாவது மாசம் என்னாச்சுன்னு கேக்க எங்ககிட்ட ஆளே இல்லை, பில்லு பாஸ் ஆயிடுச்சு.

இப்போ ஃப்ரேம்வொர்க் கும்மிக்கு வருவோம். இதுலதான் எனக்கு பி.பி. ஏறும்.

மீட்டிங் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு வந்த கன்சல்டன்ட், ரிப்போர்ட்டைப் புரட்டிட்டு, "எல்லாம் ஓகே, ஒரு ஃப்ரேம்வொர்க் மட்டும் போட்டுடலாம்"னார். கறிவேப்பிலை போடுற மாதிரி. எதைப் போடலாம்னு பேச்சு வந்ததும் ஒருத்தர், "சி.எஃப்.ஐ.ஆர். போட்டா வெயிட்டா இருக்கும்." இன்னொருத்தர், "ரீ-எய்ம் ஈஸி, அஞ்சே எழுத்து." பைலட் முடிஞ்சு, டேட்டா எடுத்து, பட்டை வரைஞ்சு, கை தட்டி, அப்புறம் ஃப்ரேம்வொர்க். கோடு எழுதி ரிலீஸ் பண்ணிட்டு, கடைசியில ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட் தயார் பண்ற நம்ம ஊரு கிளாசிக்.

வெளிநாட்டு ஆய்வாளர்களும் யோக்கியம் இல்லை, அதையும் சொல்லிடணும். 2017ல 223 இம்ப்ளிமென்டேஷன் ஆய்வாளர்கள்கிட்ட என்ன கோட்பாடு பயன்படுத்துறீங்கன்னு கேட்டதுல 100க்கு மேல பேரு வந்துச்சாம். நூறு! கேள்வியைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுத்தா நூறா வரும்? நம்ம பக்கத்து சீட்டு ஆளு எதைப் படிச்சானோ அதை நாமளும் போடுறதுதான் உலக வழக்கம் போல.

எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். பெர் நில்சன்னு ஸ்வீடன்காரர் 2015ல இந்தக் குப்பையை எல்லாம் பிரிச்சு அடுக்கி ஒரு கட்டுரை எழுதினார். நான் படிச்சதுலயே உருப்படியானது. அவர் அஞ்சா பிரிக்கிறார், என் மண்டைக்கு மூணு வேலையா ஏறிச்சு. எப்படிச் செய்யணும்னு வழி காட்டுறது ஒண்ணு. ஏன் நடந்துச்சு, ஏன் நடக்கலைன்னு விளக்குறது இன்னொண்ணு. நடந்துச்சா இல்லையான்னு அளக்குறது மூணாவது. பொட்டி தட்டுறவங்களுக்கு இது தண்ணி பட்ட பாடு. முதலாவது நம்ம ப்ராஜெக்ட் ப்ளான். ரெண்டாவது, சர்வர் விழுந்தா எங்கெங்க தேடணும்னு வச்சிருக்கிற டீபக் லிஸ்ட். மூணாவது, சர்வர் ஓடுதா இல்லையான்னு காட்டுற டேஷ்போர்டு.

ரீ-எய்ம் டேஷ்போர்டு. 1999ல வந்தது. எத்தனை பேரைப் போய்ச் சேர்ந்துச்சு, பலன் என்ன, எத்தனை நிலையம் ஏத்துக்கிச்சு, சொன்ன மாதிரி செஞ்சாங்களா, நிலைச்சுதா. இதோட அழகு என்னன்னா, ஒண்ணோட ஒண்ணைப் பெருக்கிப் பார்க்கலாம். சும்மா ஒரு கணக்கு: பாதி நிலையம் ஏத்துக்குது, அதுல பாதி நர்ஸ் பயன்படுத்துறாங்க, அவங்ககிட்ட வர்ற நோயாளிகள்ல பாதிப் பேரைத் தொடுது. ஒவ்வொண்ணும் பாதின்னு கேட்டா பரவால்லையேன்னு தோணும். பெருக்கினா நூத்துல பன்னெண்டு சொச்சம். எங்க பச்சைப் பட்டையில இந்தப் பெருக்கல் எங்கயும் இல்லை. ஆப்பைத் திறந்த நர்ஸ்களோட நோயாளிங்களை மட்டும் எண்ணி வரைஞ்சது அது. (நான்தான் வரைஞ்சேன். திரும்பத் திரும்ப சொல்றேன், குத்துது.)

சி.எஃப்.ஐ.ஆர். டீபக் லிஸ்ட். 2009ல வந்தப்போ அஞ்சு தலைப்பு, 39 உருப்படி. திட்டம் எப்படி, வெளிச்சூழல் எப்படி, உள்ள இருக்கிற சூழல் எப்படி, ஆளுங்க எப்படி, செயல்படுத்தின விதம் எப்படி. 2022ல திருத்தி விரிவாக்கினாங்க. 39 கட்டத்தையும் ரொப்பணும்னு எவனும் சொல்லலை. ஆனா ரொப்புறாங்க! ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பேட்டி, பேட்டியில இருந்து ஒரு வாக்கியம். டேஷ்போர்டை வச்சு ஏன் விழுந்துச்சுன்னு கண்டுபிடிக்கப் பார்க்கிறது எவ்ளோ அபத்தமோ, விழவே இல்லாத சர்வருக்கு டீபக் லிஸ்ட்டை முழுசா ஓட்டுறதும் அவ்ளோ அபத்தம்.

டிசைனும் ஃப்ரேம்வொர்க்கும் ஆரம்பிக்கிறது ஒரே இடத்துல: உனக்கு என்ன தெரியலை? எங்க கேஸ்ல, அம்லோடிபின் மாத்திரை பி.பி.யைக் குறைக்குமான்னு கண்டுபிடிக்க நாங்க ஒண்ணும் பிறந்து வரலை, அது எப்பவோ முடிஞ்ச கதை. தெரியாதது, நர்ஸ் போன் பண்ணினா ஆளு வருவானா, அந்த நர்ஸால இத்தனை வேலைக்கு நடுவுல போன் பண்ண முடியுமாங்கிறது. 2012ல கரன்னு ஒருத்தரும் கூட்டாளிங்களும் இதை அழகா மூணா வகுத்தாங்க, ஹைபிரிட் டிசைன்னு. சிகிச்சை பலன் தருமான்னே சந்தேகம்னா அதை முதன்மையா வச்சு, நடைமுறையை ஓரக்கண்ணால பாரு, அது முதல் வகை. ரெண்டும் சமமா தெரியலைன்னா ரெண்டாவது. சிகிச்சை நிச்சயம், நடைமுறைதான் கேள்வின்னா மூணாவது. நாங்க மூணாவது வகைக் கேள்வியை வச்சுக்கிட்டு, முதல் வகை மாதிரி பி.பி. எண்ணிக்கையைத் தூக்கி ஸ்லைடுல போட்டோம். நர்ஸைப் பத்தி ஒரு வரி இல்லை.

நர்ஸ்னதும் எங்க அத்தையைச் சொல்லணும். அப்பாவோட தங்கை. தென் மாவட்டம் ஒண்ணுல கிராம சுகாதார செவிலியர், 20 வருஷ சர்வீஸ். அவங்க தட்டுறது எங்க ஆப் இல்லை, வேற ஒண்ணு. ஆனா வலி அதேதான். போன பொங்கலுக்குப் போயிருந்தப்போ ராத்திரி பத்து மணிக்கு அடுக்களையில உக்காந்து, மடியில நோட்டை விரிச்சு, போன்ல ஒண்ணொண்ணா ஏத்திக்கிட்டு இருந்தாங்க.

"என்ன அத்தை, பகல்லயே போட்டுடலாம்ல?"

"பகல்ல வீடு வீடா போவேனா, இதைத் தட்டிக்கிட்டு நிப்பேனாடா? நெட்டும் கிடைக்காது. நோட்டுல எழுதிக்குவேன். ராத்திரி பழைய தேதி போட்டு ஏத்திக்குவேன். மேல கேட்டா நூறு பர்சென்ட் இருக்கணும்ல."

எங்கயோ ஒரு சர்வர்ல அத்தை பேருக்கு நேரா நூத்துக்கு நூறு பச்சையா எரியும். யாரோ ஒரு தம்பி அதை வச்சு பட்டை வரைவான். அத்தை ராத்திரி பத்து மணிக்கு உக்காந்து நீண்ட கை வைத்தியம் மாதிரி பண்றதை எந்த எண்ணும் சொல்லாது, போய் உக்காந்து பார்த்தாத்தான் தெரியும். மேட்சிங் மிச்சிகன்ல அதைச் செஞ்சாங்க. மேரி டிக்சன்-வுட்ஸ் குழு ஐ.சி.யூ.க்கள்ல போய் உக்காந்து, ஆளுங்ககிட்ட பேசி, ஏன் மிச்சிகன்ல பத்திக்கிட்டது இங்க பத்திக்கலைன்னு எழுதினாங்க. மேல இருந்து திணிச்ச திட்டமாத்தான் பல இடங்கள்ல பார்த்திருக்காங்க, நாங்க ஏற்கனவே செய்யறதுதானேன்னு இருந்திருக்காங்க. எங்க ஆபீஸ்ல இந்த மாதிரி பார்க்கிறதுக்கு "அனெக்டோட்"னு பேரு. ரெண்டு பட்டைக்கு பேரு "எவிடென்ஸ்".

இனி வழக்கமா வர்ற எதிர்வாதங்கள். "உயிர் விஷயத்துல குலுக்கலா? பாதிப் பேருக்குக் கொடுக்காம இருக்கிறது பாவம் இல்லையா?" ஐயா, நீங்க 40 நிலையத்துக்கும் ஒரே நாள்ல கொடுக்கப் போறீங்களா? ஜீப் இல்லை, பயிற்சி கொடுக்க ஆள் இல்லை, டேப்லெட் நாலு லாட்டாத்தான் வருது. அப்போ 30 நிலையம் எப்படியும் காத்துக்கிட்டுத்தான் இருக்கப் போகுது. யாரு காத்திருக்கணும்னு இப்போ முடிவு பண்றது எது? ரோடு நல்லா இருக்கிற ஊரு, சிக்னல் கிடைக்கிற ஊரு, மேடம் சொன்ன ஊரு. இதை விடக் குலுக்கல் எந்த விதத்துல பாவம்? 1986ல காம்பியா நாட்டுல ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை எல்லா குழந்தைக்கும் ஒரே நேரத்துல கொடுக்க வழியில்லாம நாலு வருஷத்துல பகுதி பகுதியா இறக்கினப்போ, வரிசையைக் குலுக்கல்லதான் போட்டாங்க. கல்லீரல் புற்றுநோய் குறையுதான்னு பார்க்கிறதுக்கு பல பத்து வருஷம் ஆகும்னு தெரிஞ்சேதான் ஆரம்பிச்சாங்க. அவ்ளோ ஏழை நாட்டுல முடிஞ்சது, டெக் பார்க்ல ஏ.சி. போட்டு உக்காந்திருக்கிற நம்மால முடியாதா?

"காசு இல்லை, டைம் இல்லை." சீட்டு எழுதிப் போட எவ்ளோ காசு ஆகும்? ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடி உத்திரமேரூர்ல குடத்துல ஓலை போட்டு ஆளைப் பொறுக்கினதைக் கல்லுலயே வெட்டி வச்சிருக்கான். தமிழ்நாட்டுல 2003ல லாட்டரிக்குத்தான் தடை போட்டாங்க, குலுக்கலுக்கு இல்லை.

அதுக்காக எல்லாத்துக்கும் குலுக்கல், எல்லாத்துக்கும் ஸ்டெப்டு வெட்ஜ்னு கொடி பிடிக்கிற கோஷ்டியிலயும் நான் இல்லை. அதுவும் இப்போ ஒரு ஃபேஷன் ஆயிடுச்சு. வரிசையா இறக்குற அளவுக்குத் தட்டுப்பாடே இல்லை, எல்லாருக்கும் நாளைக்கே கொடுக்க முடியும், பலனும் நிச்சயம்னா, கொடுத்துட்டுப் போங்கய்யா. ஒரே உத்தரவுல மாநிலம் முழுக்க வந்துடுச்சுன்னா குலுக்க ஒண்ணும் இல்லை. ஆனா அப்பவும் முன்னாடி ஒரு புள்ளி, பின்னாடி ஒரு புள்ளின்னு வைக்காதீங்க. மாசாமாசம் எண்ணி, முன்னாடி ஒரு ரெண்டு வருஷம், பின்னாடி ஒரு ரெண்டு வருஷம்னு கோடாப் போடுங்க. ஏற்கனவே இறங்கிக்கிட்டு இருந்த கோடா, உத்தரவுக்கு அப்புறம் மடங்கின கோடான்னு கண்ணாலேயே தெரியும். அரசாங்க நிலையங்கள்ல மாசக் கணக்கு எழுதாத ரிஜிஸ்டர் உண்டா? டேட்டா கிடக்குது, எடுக்கத்தான் ஆள் இல்லை.

ஸ்டெப்டு வெட்ஜ்லயும் கண்ணி இருக்கு. நர்ஸ் ட்ரான்ஸ்ஃபர் ஆகி, ஆப் தெரிஞ்சவங்க ஆப் வராத நிலையத்துக்குப் போயிடுவாங்க. பலன் தெரிய ஆறு மாசம் ஆகும்கிற விஷயத்துக்கு ஒரு மாசப் படி வச்சா ஒண்ணும் தெரியாது. அப்புறம் எங்க ஆளுங்க அடிக்கடி பண்ற தப்பு: 12 நிலையத்துல 6000 நோயாளின்னா சாம்பிள் 6000ம்பாங்க. ஒரே நர்ஸ்கிட்ட வர்ற 500 பேரும் ஒண்ணு போல வருவாங்க, ஒண்ணு போல நிப்பாங்க. நெஜ சாம்பிள் 6000க்கும் 12க்கும் நடுவுல எங்கயோ இருக்கும், பல நேரம் 12 பக்கமே சாஞ்சிருக்கும்.

ரெண்டாம் கட்டத்துக்கான 40 நிலைய லிஸ்ட் போன வெள்ளிக்கிழமை எக்ஸெல்ல என் கைக்கு வந்துச்சு. நாலு பேட்ச், பத்துப் பத்து. முதல் பேட்ச்ல மெயின் ரோட்டு மேல இருக்கிற பத்து. நான் பக்கத்துல ஒரு காலம் சேர்த்து, ரேண்டம் எண் போட்டு, அதை வச்சு வரிசையை மாத்தி, மூணு பத்தி விளக்கத்தோட மேனேஜருக்கு அனுப்பினேன். கூடவே, ஒவ்வொரு பேட்ச்லயும் ரெண்டு நிலையத்துக்கு யாராவது ஒருத்தர் நாலு நாள் போய் சும்மா உக்காந்து பார்க்கணும், பைலட் பண்ணின 12க்கும் ஆறாவது மாசம் திரும்பப் போகணும்னு ஒரு வரி.

செவ்வாய்க்கிழமை பதில் வந்துச்சு. "குட் தாட். லெட்ஸ் டிஸ்கஸ்." இன்னும் டிஸ்கஸ் பண்ணலை. வரிசை எதுன்னு தெரியாமலே டேப்லெட் ஆர்டர் போயிடுச்சு.

அதே மெயில்ல இன்னொரு வேலையும் கொடுத்திருக்காங்க. டேட்டா குவாலிட்டிக்காக, ஆப்புல பழைய தேதி போட முடியாதபடி லாக் பண்ணணுமாம். இதை அத்தைகிட்ட போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"டேய் தம்பி, உன் ஆப்புல என்ன வேணா பண்ணிக்க. எங்களுதுக்கு வேலைக்கு வந்தேன்னா மட்டும் அந்தப் பழைய தேதியில கை வச்சுடாதடா, புண்ணியமாப் போவும்."